கூறியது கூறல்: தரவுத்தள இணைப்பில் தோன்றும் மிகையும் அதனை நீக்கும் முறையும்

முன்னுரை

தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எடுத்துரைக்கின்றன. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்னும் மூன்றும் ஏட்டில் எழுதப்படும் நூலோடு நின்றுவிடுவன அல்ல. இக்காலத்துத் தமிழாய்வாளர் நாடோறும் பயன்கொள்ளும் தரவுத்தளங்களிலும், அத்தளங்களினின்று செய்தியை எடுத்து வலைப்பக்கத்தில் வைக்கும் நிரல்களிலும் இம்மூன்று குற்றங்களும் இடம் பெறுகின்றன. ஒரு குறளைத் தேடினால் அது பதினைந்து முறை வருகின்றது. ஒரு புலவர் பாடிய பாடல்களை எண்ணச் சொன்னால் அவர் பாடாத அளவுக்குத் தொகை பெருகுகின்றது. திரையில் கண்ணுக்குத் தெரியும் இரட்டிப்பினால் விளையும் கேடு சிறிது. எண்ணிக்கையாக மாறி, கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் புகுந்து, மறைந்து நிற்கும் இரட்டிப்பினால் விளையும் கேடே பெரிது. ஆதலின் இக்குற்றம் எங்ஙனம் தோன்றுகின்றது, அதனை எவ்வாறு நாடிக் காண்பது, எவ்வாறு திருத்துவது என்பவற்றைத் தமிழ் நூல்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. இணைப்பின் இயல்பு

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உள்ள உறவைத் திறவுகோல்களால் காட்டும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார் ஒரு கட்டுரை வாயிலாக நிறுவினார். அவர் கருத்தின்படி உறவு என்பது கணமாகும். ஒரு கணத்தில் ஒரே உறுப்பு இருமுறை வாராது. 1974இல் சேம்பர்லின், பாய்சு என்னும் இருவர் வகுத்ததும், 1986இல் அமெரிக்கத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டதுமாகிய எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியோ இவ்விதியைத் தளர்த்திக்கொண்டது. அம்மொழியில் விடையாக வரும் அட்டவணையில் ஒரே வரிசை பலமுறை வரலாம். எனவே இரட்டிப்பு வருதல் பொறியின் பிழை அன்று. கேட்ட வினாவுக்குப் பொறி தந்த நேர்மையான விடையே அது. பிழை வினாவில் உள்ளது, அல்லது தரவில் உள்ளது.

இணைப்பின் அடிப்படை விதி எளியது. முதல் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும், இரண்டாம் அட்டவணையில் நிபந்தனைக்குப் பொருந்தும் எல்லா வரிசைகளோடும் சேரும். பொருந்துவது ஒன்றாயின் விடையும் ஒன்று, ஐந்தாயின் ஐந்து, ஒன்றும் இல்லையாயின் அவ்வரிசை விடையினின்று விழுந்துவிடும்.

இனி, முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல் என்பவற்றின் தொழிலைக் காண்போம். ஐங்குறுநூற்றைத் தரவாக அமைப்பதாகக் கொள்வோம். புலவர் அட்டவணையில் ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் என ஐந்து வரிசைகள்; ஒவ்வொன்றுக்கும் தனித்த எண். இவ்வெண் முதன்மைத் திறவுகோல். பாடல் அட்டவணையில், 129, 130 ஆகிய இரண்டும் கிடைக்காமையின், 498 வரிசைகள். பாடல் ஒவ்வொன்றிலும் அதனைப் பாடியவரின் எண் குறிக்கப்படும். இதுவே அயல் திறவுகோல். பாடலினின்று புலவர்க்குச் செல்லுங்கால் ஒரு பாடலுக்கு ஒரு புலவரே பொருந்துவர். விடை 498 வரிசைகளாகவே நிற்கும். புலவரினின்று பாடலுக்குச் செல்லினும் வரிசைகள் 498தான். ஆனால் அங்குக் கபிலர் பெயர் நூறு முறை வரும். புலவர் பட்டியலை வேண்டியவர்க்கு இஃது இரட்டிப்பு. பாடல் பட்டியலை வேண்டியவர்க்கு இதுவே சரியான விடை. ஆகவே, பலவற்றினின்று ஒன்றுக்குச் செல்லும் வழி பெருக்காது. ஒன்றினின்று பலவற்றுக்குச் செல்லும் வழி பெருக்கும் என்பதே முதற்கண் மனங்கொள்ளத் தக்கது.

2. மிகை தோன்றும் வாயில்கள்

மிகை தோன்றும் வாயில்கள் ஆறென வகுக்கலாம்.

முதலாவது, நிபந்தனையை விட்டுவிடுதல். புலவர், பாடல் என்னும் இரு அட்டவணைகளையும் குறிப்பிட்டு, எந்த நெடுவரிசை எதனோடு ஒக்க வேண்டும் என்பதைக் கூறாது விட்டால், ஐந்து புலவரும் 498 பாடல்களோடும் தனித்தனியே சேர்ந்து 2490 வரிசைகள் வரும். அயல் திறவுகோலை அட்டவணையில் அறிவித்துவிட்டமையால் பொறி தானே பொருத்திக்கொள்ளும் எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. அயல் திறவுகோல் காவல் செய்வது, வழிகாட்டுவது அன்று. இணைப்பு நிபந்தனையை வினவலில் எழுதியே தீர வேண்டும். விடையின் தொகை இரு அட்டவணைத் தொகைகளின் சரியான பெருக்குத் தொகையாக இருப்பின், இக்குற்றம் உளதென ஐயமின்றித் துணியலாம்.

இரண்டாவது, கூட்டுத் திறவுகோலில் ஓர் உறுப்பை மட்டும் கொள்ளுதல். எட்டுத்தொகைப் பாடலொன்றைச் சுட்டுவதற்கு நூலின் பெயரும் வேண்டும், பாட்டின் எண்ணும் வேண்டும். 100 என்னும் எண்ணுடைய பாடல் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு, புறநானூறு ஆகிய ஆறு நூல்களிலும் உண்டு. பாடல் அட்டவணையையும், பாடலுக்கு ஒன்றாகத் திணை குறிக்கும் அட்டவணையையும் எண்ணை மட்டும் கொண்டு இணைத்தால், அவ்வோர் எண்ணுக்கே 36 வரிசைகள் வரும். அவற்றுள் உண்மை ஆறு, பொய் முப்பது. புறநானூற்றுப் பாடலுக்குக் குறிஞ்சித் திணை வந்து சேர்வது இவ்வாறே.

மூன்றாவது, ஒரு தாயினின்று இரு கிளைகளுக்கு ஒருங்கே செல்லுதல். வலை நிரல்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. திருக்குறளுக்கு மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் பழைய உரைகளை ஓர் அட்டவணையிலும், மூன்று மொழிபெயர்ப்புகளை மற்றோர் அட்டவணையிலும் வைத்ததாகக் கொள்வோம். இவ்வெட்டும் எல்லாக் குறட்கும் உளவெனவும் கொள்வோம். குறளோடு உரையை மட்டும் இணைத்தால் 6650 வரிசைகள். மொழிபெயர்ப்பை மட்டும் இணைத்தால் 3990 வரிசைகள். இரண்டையும் ஒரே வினவலில் இணைத்தாலோ 1330, 5, 3 ஆகியவற்றின் பெருக்குத் தொகையாகிய 19,950 வரிசைகள் வரும். உரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் ஒவ்வோர் உரையும் ஒவ்வொரு மொழிபெயர்ப்போடும் சேர்ந்து நிற்கும். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்னும் தொகை 150 ஆகத் தோன்றும்.

நான்காவது, பெயரையே திறவுகோலாகக் கொள்ளுதல். ஔவையார் என்னும் பெயருடையார் சங்க காலத்தும் உளர். ஆத்திசூடி பாடியவராகப் பிற்காலத்தும் உளர். சங்கப் புலவர் நக்கீரரையும், பதினோராந் திருமுறையில் இடம்பெறும் நக்கீரதேவ நாயனாரையும் 'நக்கீரர்' என்றே பதிந்து வைத்தல் எளிது. பெயர் கொண்டு இணைக்குங்கால் ஒருவர் பாடல் மற்றவர் காலத்தோடும் சேரும். இருவர்க்கு ஒரு பெயர் அமையும். ஒருவர்க்குப் பல பெயரும் அமையும். எண் அவ்வாறு மயங்காது.

ஐந்தாவது, தரவே இரட்டித்திருத்தல். பதிவேற்றும் நிரலை இருமுறை இயக்குதல், படிவத்தை இருமுறை அனுப்புதல் ஆகியவற்றால் ஒரே உரை இருமுறை பதிவாகிவிடும். தமிழுக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. 'ஔ' என்பது ஒருங்குறியில் ஒரே எழுத்து. சிலர் அதனை 'ஒ' என்பதன் பின் 'ள' என்பதை இட்டு எழுதுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் பொறிக்கு அவை வேறு வேறு சொற்கள். எனவே ஔவையார் இருவராகி விடுகின்றார். 'கொ' போன்ற உயிர்மெய்களிலும், ஒகரக் குறியை ஒன்றாக இடுதலும் இரண்டாகப் பிரித்து இடுதலும் என இரு வழக்கு உள. இப்பிற்கூறியதை ஒருங்குறியின் சீராக்க முறை ஒன்றாக்கிவிடும். முன்கூறிய 'ஔ' மயக்கத்தை அச்சீராக்கம் தீர்க்காது. அதனைத் தனியே தேடித் திருத்த வேண்டும்.

ஆறாவது, விடை சரியாக இருந்தும் நிரல் அதனை இரட்டித்தல். பி.எச்.பி. மொழியில் தரவுத்தள விடையைப் பெறும் சில செயற்கூறுகள், வேறு கட்டளை இடாதவழி, ஒவ்வொரு மதிப்பையும் எண் குறியிலும் பெயர்க் குறியிலுமாக இருமுறை தரும். அவ்விடையை அப்படியே சுழற்சியில் அச்சிட்டால் ஒவ்வொரு சொல்லும் இருமுறை தோன்றும். இங்கு வரிசைகள் பெருகவில்லை. ஒரே வரிசைக்குள் மதிப்புகள் பெருகியுள்ளன. பெயர்க் குறியில் மட்டும் தருக எனக் கட்டளையிட இக்குற்றம் நீங்கும். ஆயின், இரு அட்டவணைகளிலும் 'எண்' என ஒரே பெயருடைய நெடுவரிசை இருப்பின் பின்னது முன்னதை அழித்துவிடும். ஆதலின் அவற்றுக்கு வேறு வேறு மாற்றுப் பெயர் தருதல் வேண்டும்.

3. மறைத்தல் திருத்தம் ஆகாது

இரட்டிப்பைக் கண்டவுடன் பலரும் 'டிஸ்டிங்க்ட்' என்னும் சொல்லை வினவலில் சேர்த்துவிடுவர். முற்றிலும் ஒத்த வரிசைகளை ஒன்றாக்குவது அச்சொல்லின் தொழில். திரை தூய்மையாகிவிடும், காரணமோ அப்படியே இருக்கும். இதனால் வரும் தீங்குகளை இரு சான்றுகளால் விளக்குவாம்.

ஐங்குறுநூற்றின் முதற்பத்தாகிய வேட்கைப் பத்தில் பத்துப் பாடல்களும் ஒரே முதலடியோடு தொடங்குகின்றன. முதலடிகளைப் பட்டியலிடும் வினவலில் இச்சொல்லைச் சேர்த்தால் பத்தும் ஒன்றாகிவிடும். கூறியது கூறலை நீக்கப் புகுந்து குன்றக் கூறலை வருவித்துக்கொண்டதாக முடியும். ஓரம்போகியார் வேண்டுமென்றே பத்து முறை அமைத்த அடியைப் பொறியின் பிழையெனக் கருதி நீக்கியதாகவும் ஆகும்.

மற்றொன்று கூட்டுத்தொகை பற்றியது. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் மூன்றடிச் சிறுமையும் ஆறடிப் பெருமையும் உடையன. அடிகளின் மொத்தத் தொகையைக் காணுங்கால், பெருக்கத்துக்கு அஞ்சி, வேறுபட்ட மதிப்புகளை மட்டும் கூட்டுக எனக் கட்டளையிட்டால், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய நான்கு எண்களையே பொறி கூட்டிப் பதினெட்டு என்னும். 498 பாடல்கொண்ட நூலுக்குப் பதினெட்டு அடி என்னும் விடையை எவரும் நம்பார். ஆனால் இதே பிழை, விடை அத்துணை நகைப்புக்கு இடமாகாத வேறு வினாக்களில் நிகழுமாயின், அதனை ஐயுறுவார் எவரும் இரார்.

4. நாடும் முறை

நோயை நாடுவார்போல் முதலில் காரணத்தை நாடல் வேண்டும். அதற்கு வரிசைப்பட நான்கு படிகளைக் கூறலாம்.

ஒன்று: விடையின் ஒரு வரிசை எதனைக் குறிக்க வேண்டும் என்பதை ஒரு தொடரில் எழுதிக்கொள்ளுதல். 'ஒரு வரிசை, ஒரு குறள்' என்பதும், 'ஒரு வரிசை, ஒரு குறளுக்கு ஓர் உரை' என்பதும் வேறு வேறு வினாக்கள். இதனைத் தெளியாதவரை மிகை எது, முறை எது எனக் கூற இயலாது.

இரண்டு: இணைப்புகள் யாவற்றையும் நீக்கி அடிப்படை அட்டவணையை மட்டும் எண்ணுதல். குறள் 1330 எனக் காண்க. பின்னர் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்ணுக. தொகை எவ்விடத்துத் தாவுகின்றதோ அவ்விணைப்பே காரணம். 1330 என்பது 6650 ஆயின் உரையில் ஐந்து. பின்னர் 19,950 ஆயின் மொழிபெயர்ப்பில் மூன்று என அறியலாம்.

மூன்று: அவ்வட்டவணையில், இணைக்கும் திறவுகோல் வாரியாகக் குழுவாக்கி, ஒன்றுக்கு மேற்பட்டு வருவனவற்றை மட்டும் எடுத்தல். ஒரு குறளுக்கு ஒரே உரையாசிரியர் இருமுறை வந்தால் தரவு இரட்டித்துள்ளது; ஐவரும் ஒவ்வொரு முறையே வந்தால் தரவு சரி, வினவலே மாற்றத்தக்கது.

நான்கு: விடுபட்டவற்றையும் தேடுதல். மொத்தத் தொகை சரியாக இருத்தலே சான்றாகாது. புலவர் பெயர் அறியப்படாத சங்கப் பாடல்கள் உள. அவற்றின் புலவர் எண் வெறுமையாக இருக்குமாதலின், உள்ளிணைப்பில் அவை விழுந்துவிடும். ஒருபுறம் சில விழ, மற்றொருபுறம் சில இரட்டிக்க, தொகை தற்செயலாக ஒத்துவிடுதலும் கூடும். இடப்புற வெளியிணைப்பைக் கொண்டால் பெயரில்லாப் பாடல்கள் நிற்கும். ஆயினும், வலப்புற அட்டவணைமேல் விதிக்கும் நிபந்தனையை இணைப்புப் பகுதியில் எழுதாது வடிகட்டும் பகுதியில் எழுதினால், அவை மீண்டும் விழுந்துவிடும் என்பதையும் கருதல் வேண்டும்.

நூலறிவு இவ்விடத்தே பெருந்துணை ஆகின்றது. ஐங்குறுநூற்றில் புலவர் வாரியாக எண்ணினால் நால்வர்க்கு நூறு நூறும், நெய்தல் பாடிய அம்மூவனார்க்கு மட்டும் 98உம் வரவேண்டும். ஐவர்க்கும் நூறு வந்தால் கிடைக்காத பாடல்கள் வெற்று வரிசைகளாகப் புகுந்துள்ளன என்றும், எவர்க்கேனும் நூற்றுக்கு மேல் வந்தால் பெருக்கம் உளதென்றும் துணியலாம்.

5. திருத்தும் முறை

காரணம் தெளிந்தபின் திருத்தம் எளிதாம். நிபந்தனை விடுபட்டிருப்பின் அதனை எழுதுக. கூட்டுத் திறவுகோலாயின் உறுப்பு யாவற்றையும் எழுதுக. உரையுள்ள குறள்கள் எவை என அறிவதே நோக்கமாயின் இணைப்பே வேண்டா. 'உளதா' என வினவும் உட்கேள்வி போதும். அது பொருந்தும் வரிசை ஒன்றைக் கண்டவுடன் ஆம் எனும். எத்தனை உள என்பதால் விடையைப் பெருக்காது.

உரைகளின் தொகையும் மொழிபெயர்ப்புகளின் தொகையும் ஒருங்கே வேண்டுமாயின், ஒவ்வொரு கிளையையும் முதலில் குறள் வாரியாகச் சுருக்கி, குறளுக்கு ஒரு வரிசை ஆக்கிக்கொண்டு, அதன் பின்னரே இணைத்தல் முறை. சுருக்கிய அட்டவணையில் குறள் எண் ஒருமுறையே வருமாதலின் பெருக்கத்துக்கு இடமில்லை.

வலைப்பக்கத்தில் குறளும் அதன் கீழ் உரைகளும் காட்டப்பட வேண்டுமாயின், குறள்களை ஒரு வினவலிலும், அக்குறள்களுக்குரிய உரைகள் யாவற்றையும் மற்றொரு வினவலிலும் பெற்று, குறள் எண்ணைக் கொண்டு நிரலில் தொகுத்தல் நன்று. குறள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வினவி 1330 முறை தரவுத்தளத்துக்குச் செல்லுதல் தவிர்க்கத்தக்கது. பக்கத்துக்குப் பத்து எனப் பகுக்கும் கட்டளையும் ஈண்டுக் கருதத்தக்கது. அக்கட்டளை வரிசைகளை எண்ணுமேயன்றிக் குறள்களை எண்ணாது. ஐந்து உரைகளோடு இணைத்தபின் பத்து வரிசை எனின் இரண்டு குறளே பக்கத்தில் தோன்றும். எனவே முதலில் பத்துக் குறளைத் தேர்ந்து, பின்னரே உரையைச் சேர்த்தல் வேண்டும்.

6. அயல் திறவுகோலின் காவலும் அதன் எல்லையும்

திருத்தியபின் குற்றம் மீண்டும் வாராமற் காத்தல் வேண்டும். உரை அட்டவணையில் குறள் எண், உரையாசிரியர் எண் ஆகிய இரண்டும் சேர்ந்து தனித்தன்மை உடையனவாக இருத்தல் வேண்டும் என விதித்துவிட்டால், ஒரே உரையை இரண்டாம் முறை பதியப் பொறியே மறுக்கும். அயல் திறவுகோல் விதியோ, இல்லாத குறளுக்கு உரை பதிதலையும், உரையுள்ள குறளை அழித்தலையும் தடுக்கும். ஆனால் ஒரே குறளுக்குப் பல உரை வருவதை அது தடுக்காது. அது தனித்தன்மை விதியின் கடமை. இவ்விரண்டன் வேறுபாட்டை மறத்தலே பல மயக்கங்களுக்கு வித்து.

விதி எழுதப்பட்டிருத்தல் வேறு, நடைமுறையில் இருத்தல் வேறு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மைஐசாம் என்னும் சேமிப்பு முறை அயல் திறவுகோல் விதியை எழுத இடந்தந்தும் அதனைச் செயற்படுத்துவதில்லை. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில் இன்னோடிபி என்னும் முறை இயல்பு முறையாயிற்று; அது விதியைச் செயற்படுத்தும். அதற்கு முன் உருவான இலக்கியத் தரவுத்தளங்களை இன்று கையாள்வோர் முதலில் இதனைச் சோதித்தல் வேண்டும்.

இனி, விதிகள் யாவும் நிறைவேறியும் பொருள் பிழைக்கும் இடமும் உண்டு. அதிகாரத்துள் குறள்களை வைத்த முறையில் மணக்குடவர்க்கும் பரிமேலழகர்க்கும் வேறுபாடு உளது. மணக்குடவர் வைப்பின்படி எண்ணிட்ட உரைகளைப் பரிமேலழகர் வைப்பின்படி எண்ணிட்ட குறள்களோடு இணைத்தால், ஒவ்வோர் எண்ணும் ஒருமுறையே வரும்; அயல் திறவுகோல் விதியும் மீறப்படாது; தொகையும் 1330 ஆகவே இருக்கும். ஆயினும் ஒரு குறளின்கீழ் மற்றொரு குறளின் உரை நிற்கும். இப்பிழையைப் பொறி காணாது. இரு உரைகளையும் பயின்ற தமிழாசிரியரே காண வல்லார்.

முடிவுரை

இத்துணை விரிவாக இதனை ஆராய்தற்குக் காரணம் ஒன்று உண்டு. எல்லாப் பாடல்களும் ஒரே அளவிற் பெருகினால் விழுக்காடு மாறாது. பிழையும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. பெயர்பெற்ற பாடலுக்கு உரைகள் பல, மொழிபெயர்ப்புகள் பல, குறிப்புகள் பல. அறியப்படாத பாடலுக்கு ஒன்றோ இரண்டோ. இவற்றை இணைத்தபின் ஒரு சொல்லின் வருகையை எண்ணினால், பலர் ஆராய்ந்த பாடலில் உள்ள சொல் பன்முறை எண்ணப்படும்; எவரும் தொடாத பாடலில் உள்ள சொல் ஒருமுறையே எண்ணப்படும். அவ்வெண்ணிக்கை புலவனின் சொல்வழக்கை அளப்பதாக எண்ணி நாம் கட்டுரை வரைவோம். அதுவோ பிற்காலத்தார் எந்தப் பாடலை விரும்பினர் என்பதையே அளந்திருக்கும். நடையாய்வும், ஆசிரியர் யாவர் எனத் துணியும் ஆய்வும், திணைவாரியான சொல்லாய்வும் இவ்வெண்களின் மேலேயே எழுப்பப்படுகின்றன. அடித்தளம் பெருகிய எண்ணாயின் மேற்கட்டிடம் நில்லாது.

ஆதலின் ஆய்வேட்டில் ஓர் எண்ணைத் தரும் மாணவர், அவ்வெண் எந்த அட்டவணையினின்று, எந்த இணைப்பின் வழியாக, எதனை ஒரு வரிசையாகக் கொண்டு பெறப்பட்டது என்பதையும் உடன் தருதல் வேண்டும் என்பது எம் கருத்து. பாடவேறுபாடு காட்டுவோர் எந்த ஏட்டினின்று பாடங்கொண்டனர் எனக் கூறுதல் நம் பதிப்பு மரபில் ஊன்றிய வழக்கம். வினவலும் ஓர் ஏடே எனக் கொண்டால், அதனைக் காட்டுதலும் அவ்வழக்கத்தின் பாற்பட்டதே ஆகும். அங்ஙனம் காட்டப்பட்டவிடத்து, பின்வரும் ஆய்வாளர் அதனை மீண்டும் இயக்கிப் பார்த்து, மிகையும் குறையும் கண்டு திருத்தவும் இயலும்.